கலவையே குப்பை

சுற்றுலாத் தலம், திருத்தலம், உயிரியல் பூங்கா, கோட்டை, அருவிக்கரை என மக்கள் திரளும் எந்த இடத்திற்குச் சென்றாலும் இன்று இரண்டு தொட்டிகள் அருகருகே நிற்பதைக் காண்கிறோம். ஒன்று பச்சை, மற்றொன்று நீலம். முன்னது ஈரக் குப்பைக்கு, பின்னது உலர் குப்பைக்கு என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும், சில இடங்களில் மாநில மொழியிலும் எழுதப்பட்டிருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் இரண்டிலும் கிடப்பது ஒன்றுதான்: பாதி தின்ற பூரி, அதைச் சுற்றிவந்த செய்தித்தாள், அடியில் தேநீர் தேங்கிய காகிதக் குவளை, வாழைப்பழத் தோல், மூடி கழன்ற தண்ணீர் பாட்டில், எண்ணெய் மினுக்கும் சிப்ஸ் உறை. எழுத்துகள் இரண்டு விதம். உள்ளிருப்பது ஒரே விதம்.

மக்களுக்குப் பொறுப்பில்லை என்று கூறி இதைக் கடந்துபோவது எளிது. ஆனால் அந்தத் தொட்டிகளின் முன் நின்று தயங்கும் முகங்களைச் சற்று நேரம் கவனித்தவர் அவ்வாறு கூறமாட்டார். பலர் எதில் போடுவது என்று உண்மையிலேயே யோசிக்கிறார்கள். விடை கிடைக்காமல் அருகிலுள்ளதில் போட்டுவிட்டுச் செல்கிறார்கள். ஆகவே, பிரித்தல் என்றால் என்ன, அது எங்கே நடக்க வேண்டும், யார் நடத்த வேண்டும் என்பவற்றை நாம் சற்று ஆழ்ந்து ஆராய்வது நல்லது.

குப்பை என்பது எது?

ஒருவர் கையில் வாழைப்பழம் இருக்கிறது. பழத்தை உண்டதும் தோல் எஞ்சுகிறது. அந்தத் தோலை ஒரு பசு பார்த்தால் அது உணவு. தோட்டக்காரர் பார்த்தால் உரம். மற்றொருவர் கையில் காலியான பாட்டில். பழைய பொருள்கள் வாங்குபவருக்கு அது காசு. இவ்விரண்டும் தனித்தனியே இருக்கும்வரை இரண்டுமே பொருள்கள். ஒரே பையில் விழுந்து, அழுத்தப்பட்டு, ஓர் இரவு கழிந்தபின் பசுவும் அதை அண்டலாகாது, வாங்குபவரும் அண்டமாட்டார்.

மேரி டக்ளஸ் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் 1966-இல் வெளியான தமது நூலில், அழுக்கு என்பது பொருளின் இயல்பு அன்று, அது தனக்குரிய இடத்தை விட்டு விலகியதன் விளைவு என்ற கோணத்தில் பல சமுதாயங்களின் தூய்மைக் கருத்துகளை ஆராய்ந்தார். தத்துவ மாணவர்கள் இன்றும் விரும்பிப் படிக்கும் ஆராய்ச்சி அது. நமது பொருளைப் பொறுத்தவரை இன்னும் ஓர் அடி முன்னே செல்லலாம் என்று தோன்றுகிறது. இடம் மாறிய பொருளை எடுத்து உரிய இடத்தில் வைத்துவிட முடியும். கலந்த பொருளை அவ்வளவு எளிதில் மீட்க முடியாது. எனவே குப்பையை உண்டாக்குவது வீசும் செயல்கூட அன்று, கலக்கும் செயலே.

இது வெறும் சொல்வாதம் அன்று. ஈரக் குப்பை என்று நாம் கூறும் உணவு மிச்சம், காய்கனித் தோல், பூ, இலை, தேயிலைச் சக்கை முதலியவற்றுக்குக் காற்றும் அளவான ஈரமும் கிடைத்தால் நுண்ணுயிர்கள் அவற்றை உரமாக்கிவிடுகின்றன. அப்போது குவியலின் உட்புறம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. அந்தச் சூட்டிலேயே நோய்க்கிருமிகளும் களைகளின் விதைகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். காற்றுப் புகாத கலத்தில் அடைத்தால் அதே பொருள் எரிவாயு தரும். காகிதம், அட்டை, பாட்டில், தகர டப்பா, கண்ணாடி ஆகியவை ஈரம் படாமல் இருந்தால் எடைபோட்டு விற்கத் தக்கவை.

இவை இரண்டும் கலந்தால் என்ன ஆகிறது? குழம்பு ஊறிய அட்டை காகித ஆலைக்கு ஆகாது. எண்ணெய் படிந்த பிளாஸ்டிக்கைக் கழுவ ஆகும் நீரும் கூலியும் அதன் விலையை விழுங்கிவிடும். உரக்குழிக்குள் சென்ற கண்ணாடித் துண்டும் பாட்டரி செல்லும் உரத்தை வயலுக்குத் தகாததாக்குகின்றன. சரி, எரித்தாவது பயன்கொள்ளலாம் என்றால் ஈரம் எரியவிடுவதில்லை. சிப்ஸ் உறை போன்ற பல அடுக்கு உறைகளை மறுபடியும் பிளாஸ்டிக்காக மாற்றுவது கடினம். உலர்ந்த நிலையில் கிடைத்தால் சிமெண்ட் ஆலைகளின் சூளைகளில் எரிபொருளாகும். மறுசுழற்சிக்கு ஆகாவிட்டாலும் கிலோவுக்கு 1,500 கிலோகலோரியோ அதற்கு மேலோ வெப்பம் தரவல்ல கழிவை மண்ணில் புதைக்கக் கூடாது என்றே 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. ஆனால் சோறும் சாம்பாரும் சேர்ந்த மூட்டையைச் சூளை ஏற்பதில்லை. அது கிடங்கில் குவிகிறது. மழையில் அதிலிருந்து கரிய கசிநீர் வடிந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. ஆழத்தில் காற்றின்றி அழுகும் பகுதி மீத்தேனை வெளியிடுகிறது. மேலே கிடக்கும் பிளாஸ்டிக் தீக்கு விறகாகிறது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கில் பற்றிய தீ பத்து நாள்களுக்கும் மேலாக அடங்காமல் நகரத்தையே புகையில் ஆழ்த்தியது பலருக்கு நினைவிருக்கும்.

சொல்லும் நிறமும்

தொட்டியின் முன் தயங்கி நிற்பவரிடம் மீண்டும் வருவோம். அவரது தயக்கத்திற்கு முதல் காரணம் சொல்லே.

இந்தி பேசும் மாநிலங்களில் 'கீலா', 'சூக்கா' என்கிறார்கள்; ஈரம், உலர்வு என்று பொருள். கன்னடத்தில் 'ஹசி கச', 'ஒண கச'. கேரளத்தில் 'ஜைவம்', 'அஜைவம்' என்று பிரிக்கிறார்கள். உயிர்ப்பொருளிலிருந்து வந்தது, அவ்வாறு வராதது என்று கொள்ளலாம். தமிழ்நாட்டில் 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை' என்ற வழக்கே வேரூன்றிவிட்டது. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று சமம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். செய்தித்தாளை எடுத்துக்கொள்வோம். அது மக்கும். ஆகவே மதுரையிலிருந்து செல்லும் ஒருவர் அதைப் பச்சைத் தொட்டியில் போடுவது அவர் கற்ற சொல்லின்படி நியாயமே. ஆனால் ஈரம், உலர்வு என்ற பிரிவின்படி அது நீலத் தொட்டிக்கு உரியது. ஏனெனில் காகிதத்தை மக்கவைப்பதைவிட மீண்டும் காகிதமாக்குவதே சிறந்தது.

அதேபோல், பாதி நீர் நிறைந்த பாட்டில் கையில் ஈரமாகத்தான் இருக்கும். ஆயினும் அது உலர் குப்பை. வெயிலில் காய்ந்து நொறுங்கும் சால் இலைத் தட்டு ஈரக் குப்பை! இலக்கணம் பயின்றவர்கள் பெயர்களைக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என இரண்டாகப் பகுப்பார்கள். 'ஈரக் குப்பை' என்பது காரணப்பெயர்போலத் தோற்றமளிக்கும் இடுகுறிப்பெயர். அதைக் காரணப்பெயராகக் கொள்பவர் தவறிழைப்பது இயல்பு. இதற்குத் தீர்வு பெரிய எழுத்தில் பெயர் எழுதுவதன்று. அந்தத் தலத்தில் உண்மையில் விற்கப்படும் ஐந்தாறு பொருள்களின் படத்தைத் தொட்டியின்மேல் ஒட்டுவதே. பேல்பூரி விற்கும் கடற்கரையில் பேல்பூரித் தட்டின் படம், இளநீர் விற்கும் இடத்தில் இளநீர்க் கூட்டின் படம். எங்கோ அச்சிட்ட பொதுப்படமான ஆப்பிளும் மீன்முள்ளும் யாருக்கும் உதவுவதில்லை.

நிறமும் நாடெங்கும் ஒன்றாக இருந்ததில்லை. 2016 விதிகள் மக்குபவற்றுக்குப் பச்சை, மறுசுழற்சிக்கு வெள்ளை, மற்றவற்றுக்குக் கறுப்பு என்று கூறின. 2017-இல் தூய்மை இந்தியா இயக்கம் நாடு முழுவதும் பரப்பியது பச்சையும் நீலமும். பெங்களூரு வீடுகளில் சிவப்புத் தொட்டியும் உண்டு, அது சுகாதாரக் கழிவுக்கு. ஊர் ஊராகச் செல்லும் யாத்திரிகர் நிறத்தை நம்பினால் குழம்புவார்.

காகிதக் குவளையைப் பற்றியும் ஒரு சொல். 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல் முதலிய ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்கள் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டன. அவற்றின் இடத்தைப் பல தலங்களில் காகிதக் குவளை பிடித்துக்கொண்டது. பெயர் காகிதம், உள்ளே நீர் ஊறாதிருக்க மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. உரக்குழியில் காகிதம் போய்ப் பூச்சு தங்கும். சாதாரணக் காகித ஆலையில் பூச்சு இடையூறாகும். இதை எந்தத் தொட்டியில் போடுவது என்ற கேள்விக்கு நேர்மையான விடை, இதை அந்த இடத்தில் விற்காதிருப்பதே.

ஒரு மணி நேர விருந்தினர்

வீட்டில் குப்பையைப் பிரிப்பதற்கும் பொதுத் தலத்தில் பிரிப்பதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. வீட்டில் ஒரே அடுக்களை, ஒரே கைகள், அதே தொட்டி. இன்று தவறாகக் கலந்தால் நாளைக் காலை வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளர் "அம்மா, பிரித்துக் கொடுங்கள்" என்று திருப்பித் தந்துவிடலாம். பத்து நாளில் பழக்கம் படிந்துவிடும். பொதுத் தலத்திற்கு வருபவரோ ஒரு மணி நேர விருந்தினர். பேருந்து கிளம்பப் போகிறது, குழந்தை அழுகிறது, கையில் பிசுபிசுப்பு. அவர் கலந்து போட்டதை அவரிடமே திருப்பித் தர ஆளில்லை. மறுநாள் அங்கே வருபவர் வேறொருவர். எனவே அறிவுரைப் பலகைகளால் அங்கே விளையும் பயன் மிகச் சிறிது. இடத்தின் அமைப்புதான் கற்பிக்க வேண்டும்.

அமைப்பு என்பது பெருஞ்செலவு அன்று. தனித் தொட்டி எங்கும் நிற்கலாகாது. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றதும் இருக்க வேண்டும். ஒரு தொட்டி மட்டும் நின்றால் எல்லாம் அதில்தான் விழும். உலர் தொட்டியின் வாய் பாட்டில் நுழையும் அளவு வட்டமாக இருந்தால், எச்சில் தட்டைக் கொண்டுவரும் கை தானாக மற்றத் தொட்டியை நாடும். உள்ளே கிடப்பது வெளியே தெரியும் கம்பிவலைத் தொட்டி உலர் பொருள்களுக்கு உகந்தது. முதல் பத்துப் பொருள்கள் சரியாக விழுந்துவிட்டால் அடுத்து வருபவர் அதையே பின்பற்றுவார். மனிதர் பலகையைப் படிப்பதைவிட முன்னால் சென்றவரின் செயலையே படிக்கிறார். திருவிழா நாள்களில் இதுவும் போதாது. அப்போது தொட்டியருகே ஒரு தொண்டர் நின்று, கனிவோடு கை காட்ட வேண்டியதுதான்.

காடுகளையும் மலைகளையும் ஒட்டிய தலங்களில் இன்னொரு காரணமும் சேர்கிறது. குரங்கும் மானும் காட்டுப்பன்றியும் பிளாஸ்டிக்கைத் தேடி வருவதில்லை. அதில் ஒட்டியிருக்கும் உணவின் மணம்தான் அவற்றை அழைக்கிறது. உத்தராகண்டில் காட்டோரக் குப்பைக் கிடங்குகளை நாடிய யானைகளின் சாணத்தில் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். உணவு தனியாகவும் உறை தனியாகவும் இருந்தால் அந்த உறையை எந்த விலங்கும் விழுங்காது. உயிரியல் பூங்காக்கள் சிலவற்றில் வாயிலிலேயே பாட்டிலின்மேல் சீட்டு ஒட்டி முன்பணம் பெற்றுக்கொண்டு, திரும்பும்போது பாட்டிலைக் காட்டினால் பணத்தைத் தருவதற்கும் இதுவே காரணம். இங்கே பிரித்தல் என்பது ஓர் உயிரைக் காக்கும் செயல்.

முன்னே இரண்டு, பின்னே ஒன்று

பார்வையாளர் சரியாகவே பிரித்தார் என்று வைத்துக்கொள்வோம். அதன்பின்?

மலைத் தலம் ஒன்றில் நான் கண்ட காட்சி இது. அழகிய இரட்டைத் தொட்டிகள்; மக்களும் ஓரளவு சரியாகவே போட்டிருந்தார்கள். மாலையில் ஒரு டிராக்டர் வந்தது. பச்சையும் நீலமும் ஒன்றன்பின் ஒன்றாக அதே பெட்டியில் கவிழ்க்கப்பட்டன. பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன் தந்தையிடம், "அப்புறம் ஏன் அப்பா ரெண்டு?" என்று கேட்டான். தந்தையால் பதில் கூற இயலவில்லை. அந்தச் சிறுவன் இனி எந்தத் தொட்டியையும் நம்பப்போவதில்லை. அந்த ஊழியர்மீது குறை கூறிப் பயனில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது ஒரே பெட்டிதான்.

பிரித்தல் என்பது தொட்டியில் முடியும் செயல் அன்று. வண்டி, கூடம், உரக்குழி, விற்பனை என்று கடைசிவரை அறுபடாமல் செல்ல வேண்டிய சங்கிலி. மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரம் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டது. 2017 முதல் தேசியத் தூய்மைக் கணக்கெடுப்பில் தொடர்ந்து பல ஆண்டுகள் முதலிடம் பெற்ற நகரம் அது. அந்நகர் செய்த முதல் வேலை தொட்டிகளைக் கூட்டியதன்று, தெருமுனைப் பெருந்தொட்டிகளை அகற்றியது. வீடு வீடாகச் செல்லும் வண்டியிலேயே ஈரம், உலர்வு, பிளாஸ்டிக், மின்னணுக் கழிவு, சுகாதாரக் கழிவு, தீங்கு தரும் கழிவு என்று தனித்தனி அறைகள் அமைத்தார்கள். அந்நகரின் 'சப்பன் துக்கான்' என்னும் ஐம்பத்தாறு கடைகளின் வரிசையும், இரவில் நகைக்கடைகள் மூடியபின் சிற்றுண்டிச் சந்தையாக மாறும் சராஃபா கடைத்தெருவும் வெளியூரார் தவறாமல் செல்லும் இடங்கள். உண்பதற்கென்றே கூட்டம் கூடும் இத்தகைய இடங்களில் ஈரக் குப்பை மிகுதி. அதை வாங்கிக்கொள்ள மறுமுனையில் இடம் இருக்கிறது: 2022 பிப்ரவரியில் அங்கே திறக்கப்பட்ட எரிவாயு நிலையம் நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையை ஏற்குமாறு அமைக்கப்பட்டது. நகரப் பேருந்துகளுக்கு அதிலிருந்து எரிபொருள் கிடைக்கிறது. பின்முனையில் பசி இருந்தால் முன்முனையில் ஒழுங்கு வரும். பிரித்த ஈரக் குப்பை வேண்டும் என்று கேட்க ஒருவர் இல்லாத ஊரில், பிரிக்கச் சொல்வது வெறும் சடங்காகிவிடும்.

இந்தூர் பெருநகரம்; அதன் வசதி சிற்றூர்த் தலங்களுக்கு ஏது என்று கேட்கலாம். அவற்றுக்குக் கேரளம் ஒரு வழி காட்டியிருக்கிறது. அதிரப்பள்ளி அருவிக்குச் செல்லும் வழியில், சாலக்குடி ஆற்றங்கரையில், தும்பூர்முழி என்ற இடம் உள்ளது. தொங்குபாலமும் தோட்டமும் உடைய சுற்றுலாத் தலம். அங்குள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணையில் உருவான முறை மிக எளியது. ஏறத்தாழ நான்கடி நீள அகல உயரத்தில், நாற்புறமும் காற்றுப் புக இடைவெளி விட்ட பெட்டி. அடியில் சாணம், அதன்மேல் காய்ந்த சருகு, அதன்மேல் ஈரக் குப்பை. மீண்டும் சாணம், சருகு, குப்பை. பெட்டி நிரம்பியபின் சுமார் மூன்று மாதம் விட்டால் உரம். காற்று புகுவதால் துர்நாற்றம் பெரிதாக இராது, மின்சாரமும் தேவையில்லை. படகு வீடுகளால் உலகறிந்த ஆலப்புழை நகரம், 2012-இல் தனது சர்வோதயபுரம் கிடங்குக்குக் குப்பை செல்வது தடைபட்டபின், இத்தகைய பெட்டிகளை நகரின் பல இடங்களில் வைத்தே மீண்டது. 2017-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு முன்மாதிரியாகக் காட்டிய நகரங்களுள் அதுவும் ஒன்று. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: பெட்டிக்குள் பிளாஸ்டிக் செல்லலாகாது.

ஆனால் சமவெளியில் வெற்றிபெறும் முறை பனிமலையில் அப்படியே பயன்படாது. கேதார்நாத் 3,500 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடுகின்றன. வாழைப்பழத் தோலும் அங்கே நெடுநாள் தோலாகவே கிடக்கும். "மக்கும் பொருள்தானே" என்று பாதையோரம் வீசுபவர் சமவெளியின் கணக்கை மலைக்குக் கொண்டு செல்கிறார். அங்கே பெரும்பாலானவற்றைக் கீழே இறக்கியாக வேண்டும். கௌரிகுண்டிலிருந்து நடைபாதை பதினாறு கிலோமீட்டருக்குக் குறையாது. இறக்குவது கோவேறு கழுதையின் முதுகிலோ மனிதரின் முதுகிலோதான். 2022-இல் அப்பாதையில் பாட்டில்களுக்கு ஒரு முறை கொண்டுவரப்பட்டது. பாட்டிலின்மேல் ஒரு குறியீட்டுச் சீட்டு ஒட்டப்பட்டு, விலையோடு 10 ரூபாய் கூடுதலாகப் பெறப்பட்டது. காலிப் பாட்டிலைத் திருப்பித் தருபவருக்கு அந்தப் பத்து ரூபாய் உரியது. வாங்கியவர் வீசிவிட்டால், பொறுக்கித் தரும் ஏழைக்கு உரியது. உபதேசம் செய்யாமல் பாட்டிலை மற்றக் குப்பையோடு கலக்காமல் காப்பாற்றும் வழி இது. புண்ணியத் தலத்தில் பணத்தாசை காட்டுவதா என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. பத்து ரூபாயால் பாதை தூய்மையாகுமானால் அதில் இழிவு ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

பிரிக்கத் தேவையே இல்லாதவை

இதுவரை கூறியவை உண்டான குப்பையைப் பற்றி. உண்டாகாத குப்பையைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். சிறந்த பிரிப்பு அதுவே.

அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கரில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் உணவருந்துகிறார்கள். எஃகுத் தட்டில் உணவு. உண்டபின் தட்டுகள் தொண்டர்களின் கைகளுக்குச் சென்று, கழுவப்பட்டு, மீண்டும் பந்திக்கு வருகின்றன. அவ்வளவு பெரிய அன்னதானத்தில் தட்டு என்ற பெயரில் ஒரு பொருளும் குப்பைக்குச் செல்வதில்லை. தட்டு கழுவுவதற்கென்றே வரிசையில் காத்திருக்கும் அன்பர்களை அங்கே காணலாம். கழுவ ஆளில்லை என்று காகிதத் தட்டுக்கு மாறும் நம்மூர் அன்னதானக் குழுக்கள் ஒருமுறை அங்கே சென்று வரலாம்.

மஹாராஷ்டிரத்தில் விநாயகர் சதுர்த்தியின்போது நீர்நிலைகளின் கரையில் 'நிர்மால்ய கலசம்' என்று பெயரிட்ட பெரிய கலங்களை வைக்கிறார்கள். இறைவனுக்குச் சார்த்திக் களைந்த மாலைகள் அதில் சேர்கின்றன, பின்னர் உரமாகின்றன. தொட்டி என்று பெயரிட்டிருந்தால் யாரும் மாலையை அதில் போட மனம் கொண்டிருக்க மாட்டார்கள்; கலசம் என்றதால் கலப்பும் குறைந்தது. கலசத்தில் யாரும் எச்சில் குவளையைப் போடத் துணிவதில்லை அல்லவா! ஆனால் மாலை கட்டிய நைலான் நூலும் ஜரிகையும் பூவோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றைப் பிரித்தெடுப்பவர்கள் யாரோ உண்டு. வாழைநாரில் கட்டிய மாலைக்கு அந்த வேலை இல்லை.

மண்குவளை இதில் ஒரு தனி ரகம். ரயில் நிலையங்களில் 2004-இல் அதை மீண்டும் கொண்டுவர முயன்றபோது மகிழ்ந்தோர் பலர். மண் மண்ணோடு சேரும் என்பது கேட்க இனியது. சுட்ட மண் அவ்வளவு எளிதில் மண்ணாவதில்லை. ஆயிரம் ஆண்டுப் பழைய ஓடுகளை வைத்துத்தானே தொல்லியலார் காலத்தைக் கணிக்கிறார்கள்! எனவே அதை உரக்குழியில் போடுவது தவறு. நஞ்சில்லாத பொருள் என்பது உண்மை; தனியே குவித்து, உடைத்து, பாதை நிரவப் பயன்படுத்தலாம்.

தலங்களே குப்பையை உண்டாக்கித் தருவதும் உண்டு. தாஜ்மஹாலில் வெளிநாட்டுப் பயணிகளின் சீட்டோடு தண்ணீர் பாட்டிலும் காலுறையும் பல ஆண்டுகள் வழங்கப்பட்டுவந்தன. சலவைக்கல்லைக் காக்கும் காலுறை, அரை மணியில் கழற்றி எறியப்படுவது. நல்ல நோக்கத்தோடு வாயிலில் கொடுப்பதை, வெளியேறும் வாயிலில் தனியே திரும்பப் பெறும் ஏற்பாடும் அதே நிர்வாகத்தின் கடமை.

இது யார் கடமை?

இங்கு ஒரு கேள்வி எழலாம். வரி வாங்குகிறார்கள், நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். பிரிப்பதும் அவர்கள் வேலைதானே?

நாட்டின் சட்டம் இதற்குத் தெளிவான விடை தந்திருக்கிறது. 1996-இல் அல்மித்ரா படேல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, 2000-ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் பிறந்தன. 2016 விதிகள் கழிவை உண்டாக்கும் ஒவ்வொருவரும் அதை மூன்றாகப் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்றன. அவற்றுக்கு மாற்றாக 2026-இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள், ஈரம், உலர்வு, சுகாதாரக் கழிவு, தனிக்கவனம் தேவைப்படும் கழிவு என்று நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் கழிவு உண்டாக்கும் வழிபாட்டிடங்களையும் விளையாட்டு அரங்குகளையும் பெருங்கழிவு உண்டாக்குவோர் பட்டியலில் 2016-லேயே சேர்த்துவிட்டார்கள். உரிமம் பெறாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி நடத்துபவர் மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, அங்கேயே பிரிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதும் அப்போதே விதியாயிற்று. ஆக, கழிவை உண்டாக்கும் கையே முதலில் பிரிக்க வேண்டும். நிர்வாகத்தின் கடமை அந்தப் பிரிவைக் கலையாமல் காப்பது.

சட்டத்தை விட்டுவிட்டு வேறொரு விதத்திலும் இதைப் பார்க்கலாம். நாம் பிரிக்காவிட்டால் பிரிப்பது நின்றுவிடுமா என்றால் இல்லை. யாரோ ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், கையுறைகூட இல்லாமல், மறுநாள் அந்த மூட்டையை அவிழ்க்கிறார். நேற்றைய சோற்றிலிருந்து பாட்டிலையும், குழந்தையின் டயப்பரிலிருந்து அட்டையையும் பிரித்தெடுக்கிறார். நம் கையில் அது வாழைப்பழத் தோலும் பாட்டிலுமாக இருந்தது. பிரிக்க ஒரு நொடி போதும். அவர் கையில் அது அழுகிய கலவை. நாம் சேமித்த ஒரு நொடி அவருக்கு ஒரு மணியாகிறது, புண்ணாகிறது, நோயாகிறது.

குழுவாக யாத்திரையோ சுற்றுலாவோ செல்லும் அன்பர்கள் பேருந்தில் இரண்டு சாக்குகளைக் கட்டிவிடலாம். ஒன்று முன் படியருகே, மற்றொன்று பின்புறம். உண்ட இலையும் பழத்தோலும் முன்சாக்கிற்கு. அடுத்த ஊரில் உணவு சமைக்கும் இடத்தில் உரக்குழி இருக்கிறதா என்று ஓட்டுநரோ சமையற்காரரோ விசாரித்துவிடுவார். இல்லையேல் அவ்வூரின் ஈரக் குப்பை வண்டியில் ஒப்படைக்கலாம். டயப்பர் போன்றவற்றைத் தாளில் சுற்றித் தனியே ஒரு சிறு பையில் வைப்பது நல்லது. ஆளுக்கொரு தட்டும் குவளையும் கொண்டுவந்தால் பின்சாக்கு பாதிதான் நிரம்பும். அதை வழியில் எங்கும் இறக்க வேண்டியதில்லை. ஊர் திரும்பியபின் தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடைபோட்டு எடுத்துக்கொள்வார்.